தும்பி ஏர்லைன்ஸ் துணைத் தலைவர்

என்னையப் பாத்தா ஒரு விமானக் கம்பெனியில துணைத் தலைவரா இருந்த ஆளு மாதிரி தெரியுதா தம்பி? தெரியாது. கண்ணாடியில பாத்தா எனக்கே தெரியாது. ஆனா இருந்தேன். நாலு மாசம், பதினோரு நாள். விசிட்டிங் கார்டு இன்னும் மூணு கட்டு வீட்டுல கெடக்கு. என் சம்சாரம் அதுக்குப் பின்னாடிதான் மளிகைச் சாமான் எழுதிக் குடுக்குது. நல்ல கெட்டி அட்டை, பைக்குள்ள கசங்காதாம்.

காலை நல்லா நீட்டிக்கங்க. குவைத்துலருந்து மடக்கியே வந்திருப்பீங்க. உங்க பெட்டி நாலும் இடது பக்க டிக்கியில இருக்கு, பரமக்குடின்னு சீட்டு ஒட்டியிருக்கேன், கவலைய விடுங்க. இந்த வண்டிக்கு நான்தான் பொறுப்பு. மெட்ராஸ் ஏர்போர்ட் வாசல்ல அட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்னேனே, அந்த வேலைதான். எறங்குறதுக்கு எப்படியும் ராத்திரி எட்டு மணியாகும். தூக்கம் வந்தா சொல்லுங்க, பேச்ச நிறுத்திக்கிறேன். நிறுத்துவேனான்னு நிச்சயமில்ல, ஆனா நீங்க சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி பதினேழு வருசம் மதுரையில பஸ் கம்பெனி மேனேஜர். இதே கம்பெனிதான், பொன்மலர் டிராவல்ஸ். முதலாளி சீனி அண்ணாச்சி. ஒத்த வேன்ல ஆரம்பிச்சு முப்பத்தாறு பஸ்ஸுக்கு வந்தவரு. மெட்ராஸ் வண்டி எல்லாத்துக்கும் டிக்கெட்டு, டிரைவரு, சண்டை, சமாதானம் எல்லாம் நான். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எம்பேரச் சொன்னா சீட்டுக் கெடைக்கும். அதுதான் எனக்கு வினையாப் போச்சு.

ஒருநாள் நிரஞ்சன் சாருன்னு ஒருத்தர் வந்தாரு. ராஜபாளையத்துல நூல் மில்லு வச்சிருக்க குடும்பம். வயசு முப்பத்திநாலு, சிங்கப்பூர்ல படிச்சவரு. நல்ல மனுசன், இப்பவும் சொல்றேன். என்னைய ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி, லேப்டாப்பத் தெறந்து, "நான் ஒரு விமானக் கம்பெனி தொடங்கறேன் வைரவன். மதுரை மெட்ராஸ். கம்மி விலை. நம்ம போட்டி மத்த விமானத்தோட இல்ல, பஸ்ஸோட. பஸ்ஸுக்காரனோட மனசு உங்களுக்குத் தெரியும். நீங்க வேணும்"னாரு.

எம்மனசு யாருக்காச்சும் வேணும்னு அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி. காப்பி ஆறிப்போச்சு. சரின்னுட்டேன்.

அண்ணாச்சிகிட்ட லெட்டர் குடுத்தேன். "வளர்ச்சியை முன்னிட்டு"ன்னு எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடிய ஏத்திப் படிச்சிட்டு, "யாரு வளர்ச்சி?"ன்னாரு. "எம்வளர்ச்சி அண்ணாச்சி"ன்னேன். மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்தாரு. "போய்ட்டு வா"ன்னாரு. அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் பேரு தும்பி ஏர்லைன்ஸ். சின்னப்புள்ளைல நூலு கட்டி விடுவோமே, அந்தத் தும்பி. நிரஞ்சன் சாருக்கு அந்தப் பேரு மேல உசுரு. மதுரைக்காரன் பாதிப்பேருக்குத் தும்பிக்கை தெரியும், தும்பி தெரியாது. போன் போட்டு, "யானை பிளேனு எத்தனை மணிக்குங்க?"ன்னு கேப்பாங்க. நானும் மொதல்ல திருத்திப் பாத்தேன். அப்புறம், "யானை பிளேனு காலைல பதினொண்ணு நாப்பதுக்குக் கெளம்புதுங்க"ன்னு சொல்லப் பழகிட்டேன்.

அந்த நேரந்தான் மொத கோளாறு. வேலையா போறவன் விடியக்காலம் போவான், சாயங்காலம் திரும்புவான். அந்த நேரமெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க எப்பவோ பிடிச்சிட்டாங்க. நமக்குக் கெடைச்சது நட்டநடு மத்தியானம். இங்கருந்து பதினொண்ணு நாப்பது, மெட்ராஸ்லருந்து ரெண்டு மணி. நிரஞ்சன் சார் திரையில படம் போட்டுக் காட்டி, "இதுதான் நம்ம பலம். மத்தியானத்துல போட்டியே இல்ல"ன்னாரு. நான் எந்திரிச்சுக் கைதட்டினேன். மத்தியானத்துல பயணியும் இல்லன்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல பாத்துக்கங்க.

மொத்தம் ரெண்டு விமானம், ரெண்டும் வாடகை. ரெக்கையில காத்தாடி வச்சது, எழுபது சீட்டு. டிக்கெட்டு விலை ஏசி பஸ்ஸ விட நூறு ரூவாதான் கூட. ஆனா டிக்கெட்டு மட்டுந்தான் அந்த விலை. தண்ணிக்குத் தனி, ஜன்னலுக்குத் தனி, கையில ஏழு கிலோவுக்கு மேல என்ன கொண்டு போனாலும் கிலோவுக்கு இவ்வளவுன்னு தனி. உள்ள இழுத்துப் போட்டுட்டு அப்புறம் கறக்கணும். நிரஞ்சன் சார் அதுக்கு இங்கிலீஷ்ல அழகா ஒரு பேரு வச்சிருந்தாரு. எனக்கு வாயில நுழையல. வீட்டுக்கு வந்து பல்லு விளக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகுவேன். டை கட்டவும் அப்பத்தான் பழகினேன். செல்போன்ல வீடியோ பாத்துக் கட்டுனா ஒரு நாளைக்கு அது தொப்புளுக்கு வரும், ஒரு நாளைக்கு நெஞ்சோட நின்னுரும்.

விளம்பரம் முழுக்க என் பொறுப்பு. மாட்டுத்தாவணியில பொன்மலர் டிராவல்ஸ் ஆபீஸுக்கு நேரெதிர நாப்பதடிக்கு ஒரு போர்டு வச்சேன். "குலுங்கினது போதும், கொஞ்சம் பறங்க." நான் எழுதினதுதான். இப்பச் சொல்லும்போதே காது சுடுது. பதினேழு வருசம் சோறு போட்ட வாசலுக்கு எதிர வச்சேன் பாருங்க. வச்ச மறுநாள் அண்ணாச்சி போன் பண்ணினாரு. "வைரவா, போர்டு பாத்தேன். நல்ல பெருசா வச்சிருக்க. அதோட நெழல்ல நம்ம பயணிங்க இருபது பேரு வெயில் படாம நிக்கிறாங்க. சந்தோசம்"னாரு. பாத்தீங்களா, போட்டிக்காரரே பாராட்டுறாருன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

மாசி மாசம் மொத விமானம். அதுல ஏறுற எழுபது பேரும் வாழ்க்கையில விமானமே ஏறாதவங்களா இருக்கணும்னு நான்தான் யோசனை சொன்னேன். பூ மார்க்கெட்டுல, பஸ் ஸ்டாண்டுல குலுக்கல் வச்சு ஆள் எடுத்தேன். போக வர ஓசி. டிவிக்காரங்க எல்லாம் வந்தாங்க. ஒருத்தரு விமானத்துக்குச் சுத்திப்போட பூசணிக்காய் கொண்டாந்தாரு, வாசல்லயே போலீஸ்காரர் வாங்கி வச்சிட்டாரு. காத்தாடிப் பக்கம் உக்கார மாட்டேன்னு பாதிப்பேரு எந்திரிச்சிட்டாங்க. எல்லாம் சமாளிச்சு, போய்ட்டு, சாயங்காலம் திரும்பி எறங்கியாச்சு. பூ மார்க்கெட்டு அம்மா ஒண்ணு, ராக்குன்னு பேரு, அவுகள டிவிக்காரன் பிடிச்சு, "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டான். நான் பக்கத்துலயே டையச் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறேன். அந்தம்மா நிதானமா, "நல்லாத்தான்யா இருந்துச்சு. ஆனா பஸ்ஸுன்னா நாலு பேருகிட்டப் பேசிக்கிட்டு வரலாம். இதுல பெல்ட்ட மாட்டு, பெல்ட்டக் கழட்டுன்னு சொல்லிக்கிட்டே எறக்கி விட்டுட்டாய்ங்க. ஒரு மனுசன்கிட்டப் பழக முடியல"ன்னுச்சு.

அத அன்னைக்கு ராத்திரி முழுக்க ஓட்டினாங்க தம்பி. பஸ் ஸ்டாண்டு டிவியிலகூட ஓடுச்சாம்.

ரெண்டாவது வாரமே பெரிய கம்பெனி ஒண்ணு ஒரு வேலை பண்ணுச்சு. மத்தியானம் மெட்ராஸ்லருந்து நமக்கு இருபது நிமிசம் முன்னாடி ஒரு விமானம் விட்டான். ஜெட்டு. நூத்தி எம்பது சீட்டு. அதே விலை. தண்ணி ஓசி. எறும்புப் புத்து மேல யானை வந்து உக்காந்த மாதிரி. அதுக்கு நம்ம மேல கோவமெல்லாம் இல்ல. உக்கார எடம் தேடுச்சு, உக்காந்துருச்சு. அப்புறம் நம்ம விமானத்துல இருபது பேரு, பதினெட்டு பேரு, பதினொண்ணு பேருன்னு எறங்குமுகந்தான். ஒரு நாள் நாலே நாலு பயணி. உள்ள வேலை பாக்கறவங்களும் நாலு பேரு. நான் அஞ்சாவதா ஏறுனேன். ஓட்டுறவங்கள்ல ஒருத்தரு வந்திருந்தா ஆளுக்கு அஞ்சு பேருன்னு கபடிக்கு ரெண்டு டீம் பிரிச்சிருக்கலாம்.

இந்தச் சமயத்துலதான் ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. இடைக்காட்டூர் பொண்ணு, இருபத்தாறு வயசு. மெட்ராஸ் ஏர்போர்ட்டுல நம்ம கவுண்டர்ல இருந்துச்சு. நான் வாரத்துக்கு ரெண்டு தடவ மெட்ராஸ் போயி மேற்பார்வை பாப்பேன். மேற்பார்வைன்னா ஒண்ணுமில்ல, கையப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கறது. ஒரு நாள் அந்தப் பொண்ணு ஒரு நோட்டோட வந்துச்சு.

"சார், ஒரு அஞ்சு நிமிசம்."

"சொல்லும்மா."

"விடியக்காலம் மூணு மணிலருந்து ஒம்போது மணி வரைக்கும் துபாய், குவைத், தோகா வண்டியெல்லாம் எறங்குது சார். அதுல பாதி நம்ம ஊரு ஆளுங்க. தேவகோட்டை, இளையான்குடி, முதுகுளத்தூரு, கீழக்கரை. வெளிய வர்றதுக்கே பத்து மணி ஆயிருது. மதுரைக்குப் போக மத்தியானம் ஒரு வண்டி இருந்தா அவங்களுக்கு வசதி. நம்ம வண்டி அந்த நேரத்துலதான் இருக்கு. வந்து கேக்கறாங்க. பெட்டிக்குத் தனிக் காசுன்னு சொன்னதும் திரும்பிப் போயிர்றாங்க. மூணு வாரமா எழுதி வச்சிருக்கேன் சார். நானூத்திப் பன்னெண்டு பேரு திரும்பிப் போயிருக்காங்க."

நோட்ட வாங்கிப் பொரட்டினேன். தேதி, ஊரு, எத்தனை பெட்டி, என்ன கேட்டாங்க. எல்லாம் முத்து முத்தா எழுதியிருக்கு.

"அதனால?"

"முப்பது கிலோ வரைக்கும் சும்மா ஏத்திக்கலாம் சார். டிக்கெட்டுல கொஞ்சம் கூட வச்சாலும் குடுப்பாங்க. பெரிய விமானத்துல அவ்வளவு எடை விட மாட்டாங்க. இப்ப நம்ம வண்டி எப்படியும் காலியாத்தான போகுது. சீட்டு காலியாப் போறதுக்குப் பெட்டியாவது ஏறட்டுமே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரிச்சேன். "ஜெசிந்தா, நம்ம போட்டி பஸ்ஸோட. நம்ம பிராண்டுக்குன்னு ஒரு தரம் இருக்கு. அட்டைப்பெட்டிய நைலான் கயித்துல கட்டி, மேல மார்க்கர்ல பேரெழுதிக் கொண்டு வந்து ஏத்துனா ஏர்லைன்ஸ் மாதிரியா இருக்கும்? நோட்டு எழுதறது கவுண்டர் வேலையும் இல்ல"ன்னேன்.

உங்களச் சொல்லல தம்பி. உங்க பெட்டி நல்லாத்தான் கட்டியிருக்கு.

நோட்ட மட்டும் வாங்கி வச்சிக்கிட்டேன். "மேலிடத்துக்குச் சொல்றேன்"னேன். மதுரைக்கு வந்து என் மேசை டிராயர்ல வச்சேன். மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மறக்கல. டிராயரத் தெறக்கும்போதெல்லாம் கண்ணுல படும். மூடிருவேன். கவுண்டர் பொண்ணு சொல்லித்தான் துணைத் தலைவருக்குத் தெரியணுமான்னு ஒரு இது. அந்த 'இது'வுக்கு என்ன பேருன்னு என் சம்சாரத்துக்கிட்டக் கேட்டேன். அது டக்குனு சொல்லிருச்சு. உங்ககிட்டச் சொல்ல முடியாது.

வைகாசி கடைசியில ஒரு மத்தியானம் நிரஞ்சன் சார் என் ரூமுக்கு வந்தாரு. அவரு ஆளு அனுப்பிக் கூப்பிடறதுதான் வழக்கம், அன்னைக்கு அவரே வந்து எதிர உக்காந்தாரு. சவரம் பண்ணல. கண்ணு ரெண்டும் குழி விழுந்திருந்துச்சு. "வைரவன், எங்கப்பா இனிமே தர முடியாதுன்னுட்டாரு. தொண்ணூறு பேரு நம்மள நம்பி வேலைக்கு வந்திருக்காங்க. உங்களுக்கு ஏதாவது யோசனை இருக்கா? உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னாரு.

டிராயரு என் முழங்காலுக்கு நேரா இருக்கு தம்பி. கைய நீட்டினா நோட்டு.

"இன்னொரு போர்டு வைக்கலாம் சார்"னேன்.

ஆமா. அப்படித்தான் சொன்னேன். அவரும் தலைய ஆட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னைய வரைக்கும் அவருகிட்ட அந்த நோட்டப் பத்திச் சொல்லல. இப்ப மில்லப் பாத்துக்கிறாரு. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாரு, நானும் அனுப்புவேன். சொல்லணும்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் நெனைப்பேன்.

தண்ணி குடிங்க. நான் பேசிக்கிட்டே போறேன்.

கடைசி நாளச் சொல்றேன். பக்ரீத்துக்கு ரெண்டு நாள் முன்ன. மெட்ராஸ்லருந்து மதுரைக்கு அன்னைக்கு அறுபத்தொரு பேரு புக்கிங். பெரிய விமானமெல்லாம் நிரம்பி வழிஞ்சு மிச்சம் நம்மகிட்ட வந்திருக்கு. மொத விமானத்துக்கு அப்புறம் அவ்வளவு கூட்டம் நான் பாக்கல. டைய நல்லா நேரா கட்டிக்கிட்டு, கவுண்டருக்குப் பக்கத்துல நின்னு வரவேத்துக்கிட்டு இருக்கேன். பதினோரு மணிக்கு ஆபீஸ்லருந்து போன். வாடகைக்கு விட்டவங்க ரெண்டு விமானத்தையும் நிறுத்திட்டாங்க. இன்னைக்கு இல்ல, இனிமே இல்ல.

நிரஞ்சன் சாருக்கு அடிச்சேன். எடுக்கல. கம்பெனி ஆளுங்க ஒவ்வொருத்தரா கழுத்துல தொங்குற அடையாள அட்டையக் கழட்டிச் சட்டைப் பையில போட்டாங்க. அஞ்சு நிமிசத்துல தும்பி ஏர்லைன்ஸுன்னு ஒரு கம்பெனி இருந்த தடயமே இல்ல. கவுண்டர்ல ஜெசிந்தா மட்டும் நிக்குது. எதிர அறுபத்தொரு பேரு.

நான் பாத்ரூமுக்குப் போனேன். போயி டையக் கழட்டினேன். சட்டைய வெளிய இழுத்து விட்டேன். அப்பப் பாத்தா நான் யாரோ ஒருத்தர வழியனுப்ப வந்த ஆளு மாதிரி இருக்கேன். அப்படியே வெளிய வந்து, தூணோரமா நடந்து, வாசல் கதவுக்குப் பத்தடி இருக்கு. மைக்குல ஒரு குரலு. "தும்பி ஏர்லைன்ஸ் துணைத் தலைவர் திரு. வைரவன் உடனே கவுண்டருக்கு வரவும்."

ஏர்போர்ட்டு முழுக்கக் கேட்டுச்சு. நான் ஓடறேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, பாவம். தெரிஞ்சிருந்தா அப்படி மானத்த வாங்கியிருக்காது.

திரும்பிப் போனேன். ஒரே சத்தம். ஒருத்தரு என் சட்டையப் பிடிக்க வந்தாரு. முன்னால ஒரு ஆளு, கீழக்கரைக்காரரு, ஹாஜா மைதீன்னு பேரு. அவரு கத்தல. ஒரு பெரிய அட்டைப்பெட்டிய ரெண்டு கையாலயும் அணைச்சிக்கிட்டு நிக்கிறாரு. பெட்டி மேல தொட்டில் படம் போட்டிருக்கு. "சார், பொம்பளப் புள்ள. ஏழு மாசமாச்சு, இன்னும் பாக்கல. பெருநாளைக்கு வீட்டுல இருக்கணும். இதுக்குத் தனியாக் காசு கட்டச் சொன்னீங்க, கட்டிட்டேன்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

ஜெசிந்தா மெதுவா, "சார், உங்களுக்குப் பஸ்ஸுக்காரங்க யாரையாவது தெரியும்ல?"ன்னுச்சு.

பஸ்ஸுக்காரனோட மனசு தெரியும்னுதான் என்னைய வேலைக்கு எடுத்தாங்க. நாலு மாசத்துல மொத தடவையா ஒருத்தர் அதக் கேட்டாங்க. பஸ்ஸுன்னா எனக்குத் தெரிஞ்சது ஒருத்தர்தான். அவரு வாசலுக்கு எதிரதான் என் போர்டு நிக்குது. நாலு தடவ நம்பரப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். அஞ்சாவது தடவ அந்தப் பொண்ணு என் போன வாங்கி பச்சைப் பொத்தான அமுக்கி எங்கையில குடுத்துருச்சு.

"அண்ணாச்சி, நான் வைரவன்."

"சொல்லு."

"விமானம் நின்னு போச்சு அண்ணாச்சி. மொத்தமாவே. இங்க ஆளுங்க நிக்கிறாங்க."

"எத்தனை பேரு?"

"அறுபத்தொண்ணு."

"பெட்டி?"

"எக்கச்சக்கம்."

"பொம்பளைங்க, புள்ளைங்க?"

"இருக்காங்க."

"நம்ம வண்டி ரெண்டு அங்க பகல்ல சும்மாதான் நிக்குது. டிரைவர எழுப்பச் சொல்றேன். ஒரு மணி நேரத்துல வரும். எந்த வாசல்ல நிப்பீங்கன்னு சொல்லு."

சொன்னேன். அழுகை வந்துருச்சு தம்பி, மறைக்க என்ன இருக்கு. "அண்ணாச்சி, அந்தப் போர்டு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ ஏதும் சாப்ட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போன வச்சிட்டாரு.

வண்டி வர்றதுக்குள்ள ஜெசிந்தா கம்பெனித் தாளு ஒரு கத்தை எடுத்துக்கிச்சு. ஒவ்வொருத்தரு பேரு, எறங்குற ஊரு, எத்தனை பெட்டி. பெட்டிக்கெல்லாம் சீட்டு ஒட்டுச்சு. கடைசி ஊரு பெட்டி உள்ள, மொத ஊரு பெட்டி வெளிய. நான் தூக்கி வச்சேன். பதினேழு வருசத்துல டிக்கியில நான் ஒரு பெட்டி தூக்கினதில்ல. மேனேஜரு பாருங்க. அன்னைக்கு நூத்தி நாப்பது பெட்டி தூக்கினேன். சட்டை கிழிஞ்சு போச்சு. அந்தத் தொட்டில் பெட்டிய மட்டும் ஹாஜா மைதீன் குடுக்கல. மடியிலயே வச்சிக்கிட்டு வந்தாரு.

சாயங்காலம் திருச்சி பைபாஸ்ல வண்டி நின்னுச்சு. அங்க அண்ணாச்சியே நிக்கிறாரு. மதுரையிலருந்து கார்ல வந்திருக்காரு. பின்சீட்டு முழுக்க எலுமிச்சஞ்சோத்துப் பொட்டலம். ஒரு பொட்டலத்த எங்கையில குடுத்தாரு. நானா, "அண்ணாச்சி, இதுதான் ஜெசிந்தா. நான்தான் இத ட்ரெயின் பண்ணினேன்"னு அறிமுகப்படுத்தி வச்சேன்.

அவரு அது கையில இருந்த தாளுகள வாங்கி, கண்ணாடிய ஏத்தி, ஒவ்வொரு பக்கமாப் படிச்சாரு. கார் போனட்டுல விரிச்சு வச்சுப் படிச்சாரு. "முப்பத்தஞ்சு பேரு ராமநாதபுரம் சீமைக்காரங்களா இருக்காங்களே. பெருநாளுங்கறதுனாலயா?"ன்னாரு.

"இல்லைங்கய்யா. தினமும் வர்றாங்க. மூணு வாரம் நோட்டுப் போட்டு எழுதி வச்சிருந்தேன்."

"நோட்டு எங்க?"

அந்தப் பொண்ணு என்னையப் பாக்கல. தரையப் பாத்துச்சு. நானே முன்வந்து, "பத்திரமா இருக்கு அண்ணாச்சி, என் டிராயர்ல"ன்னேன்.

அப்புறம் அண்ணாச்சி டிரைவரக் கூப்பிட்டு, "ஒரு வண்டி மதுரைக்குப் போகட்டும். இன்னொண்ணு மதுரைக்குப் போக வேணாம். புதுக்கோட்டை வழியா நேரா கீழக்கரை வரைக்கும் விட்டுட்டு வந்துரு. அவங்கவங்க ஊரு முக்குல எறக்கி விடு"ன்னாரு. ஆளுங்க கைதட்டினாங்க. எனக்கும் சேத்துத்தான் தட்டினாங்கன்னு நெனைக்கிறேன்.

கம்பெனி அதோட முடிஞ்சுது. தொண்ணூறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனாங்க. பைலட்டுங்க வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க, அவங்களுக்கென்ன. கவுண்டர்ல இருந்த பிள்ளைங்கதான் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சுங்க. ரெண்டு பேரு இன்னும் வீட்டுல இருக்காங்க. அந்த நோட்டு அன்னைக்கு மேசை மேல வந்திருந்தா கம்பெனி பொழச்சிருக்குமான்னு கேட்டா, சொல்ல முடியாது. யானை யானைதான. ஆனா ஒரு வருசம் தாக்குப் பிடிச்சிருக்கும்னு ஜெசிந்தா ஒரு தடவ சொல்லிச்சு. நானா கேக்கல. அதுவா சொல்லிச்சு.

ரெண்டு மாசங்கழிச்சு அண்ணாச்சி இந்த வண்டிய விட்டாரு. ஏர்போர்ட்டு வாசல்லருந்து ராமநாதபுரம் வரைக்கும். பெட்டிக்குத் தனிக் காசு கெடையாது. இப்ப நாலு வண்டி ஓடுது. பெருநாளு, கிறிஸ்மஸுன்னா ஆறு. எல்லாத்துக்கும் மேனேஜரு ஜெசிந்தா. என் பழைய நாற்காலிதான், மெத்தை மட்டும் மாத்தியிருக்கு. "வைரவனையும் சேத்துக்கலாமாம்மா?"ன்னு அண்ணாச்சி கேட்டிருக்காரு. கேக்கறாரு பாருங்க, அதுகிட்ட. "சேத்துக்கலாம்யா, சாருக்கு நல்லாப் பேச வரும்"னுச்சாம். அண்ணாச்சியே சொன்னாரு. அந்தத் திறமையக் கண்டுபிடிச்சு எனக்குத் தோதா ஒரு வேலை குடுத்திருக்கு பாருங்க, அதுக்கும் ஒரு கண்ணு வேணும். அட்டையப் பிடிச்சிக்கிட்டு நிக்கறது, பெட்டியத் தூக்கி வைக்கறது, வழியில பயணிகளோட பேசிக்கிட்டு வர்றது. மேடம்னுதான் கூப்பிடறேன். சில நேரம் பழக்கத்துல 'ஏம்மா'ன்னு வந்துரும். திரும்பிப் பாக்காது.

அத விடுங்க. இப்ப ஒரு சேதி. போன வாரம் கோயமுத்தூர்லருந்து ஒருத்தர் போன் பண்ணினாரு. புதுசா ஒரு விமானக் கம்பெனி. சின்ன ஊருகளுக்கெல்லாம் விடப் போறாங்களாம். அனுபவம் உள்ள ஆளு வேணுமாம். இந்த நாட்டுல நிறைய பேருக்கு விமானக் கம்பெனி நடத்தின அனுபவம் இருக்கும், மூடின அனுபவம் யாருக்கு இருக்கு? எனக்கு இருக்கு. அதச் சொன்னதும் அவரு சிரிச்சு, திங்கக்கிழமை வந்து பாருங்கன்னுட்டாரு. அந்தப் போன் வந்ததுலருந்து தூக்கமில்ல தம்பி. திட்டம் மூணு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேன். இந்தத் தடவ போர்டெல்லாம் இல்ல. அதெல்லாம் பழைய காலம். இந்தத் தடவ பலூன்.

நேத்து மேடத்துக்கிட்ட விசயத்தச் சொன்னேன். வேலைய விட்டுர்றேன்னு லெட்டர் எழுதிக் கொண்டு போனேன். முழுசாப் படிச்சுச்சு. மடிச்சு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருச்சு.

"சார், வேலைய எல்லாம் விடாதீங்க. லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எத்தனை நாளைக்குன்னு எழுத?"

"அத மட்டும் எழுதாம விடுங்க சார். நீங்க வந்ததுக்கப்புறம் நான் போட்டுக்கறேன்"னுச்சு.

நான் முட்டாள்தான், இல்லைங்கல. பதினேழு வருசம் இருந்த எடத்துல அண்ணாச்சி என் லெட்டர வாங்கி வச்சிக்கிட்டாரு. இந்தப் பொண்ணு வாங்க மாட்டேங்குது. நாள் கணக்குகூட வேணாம், எப்ப வேணாலும் வாங்கன்னு சொல்லுதுன்னா எம்மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கணும், நீங்களே சொல்லுங்க.

விழுப்புரம் தாண்டிட்டோம். அடுத்தாப்ல வண்டி சாப்பாட்டுக்கு நிக்கும், அதுக்குள்ள அந்த லெட்டர எழுதிரணும். பேனா ஏதும் வச்சிருக்கீங்களா தம்பி?